துணைக்கு ஆள் கேட்காதவர்

அவர் இருக்கும் இடத்தில் தப்புச் செய்தது யார் என்று யாரும் தேட வேண்டியதில்லை. கேள்வி முடிவதற்குள் "நான்தான்" என்று குரல் வந்துவிடும். காலையில் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் ரயிலில் யாரோ வைத்திருந்த சாம்பார் டப்பா கவிழ்ந்து, எதிரே இருந்த அம்மாவின் புடவை பாழாகும். அந்த அம்மா வாயைத் திறக்கும் முன்பே இவர், "நான்தாம்மா, கால் பட்டுச்சு" என்பார். பெரும்பாலும் அவர் கால்தான் பட்டிருக்கும், ஆள் அவ்வளவு உயரம். மற்ற நாட்களில் யார் கால் என்று யாருக்கும் தெரியாது. பழியை வாங்கிக்கொள்வதற்கென்றே சீசன் டிக்கெட் எடுத்த ஒரே ஆள் என்று நாங்கள் அவரைக் கேலி செய்வோம்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்குகள். அவர் மாரிகுப்பத்தில் ஏறி, கைக்குட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வைப்பார். நான் மூன்று ஸ்டேஷன் தள்ளி கோரமண்டலில் ஏறுவேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் ஓசூருக்கு மாறி வந்து சில வருடங்கள் ஆகின்றன. இங்கேயும் ரயில் இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. "நான்தான்" என்று சொல்கிற ஆளை இன்னும் பார்க்கவில்லை.

அவர் குடிப்பார். தினமும் குடிப்பார். எங்கள் ஊரில் குடிக்கிறவர் யாரைக் கேட்டாலும் காரணம் கையில் தயாராக இருக்கும். தங்கச் சுரங்கத்தை மூடினார்கள், அண்ணன் ஏமாற்றினான், நாலு மணிக்கு எழுந்து ரயில் பிடித்தால் உடம்பு வலிக்காதா. இவரிடம் அந்தப் பேச்சே கிடையாது. ஒரு நாள் பக்கத்து சீட்காரர் இரக்கப்பட்டு, "மைன்ஸ் மட்டும் மூடலன்னா நீ இப்டி ஆயிருப்பியாப்பா" என்றார்.

இவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மைன்ஸ் மூடினப்போ என் தம்பியும் இதே ஊர்லதான் இருந்தான். அவன் குடிக்கிறானா? எனக்குப் புடிச்சுது, குடிச்சேன். இதுல கெவர்மெண்ட்ட இன்னாத்துக்கு இழுக்கறீங்க?"

எனக்கு அப்போது அவர் மேல் பெரிய மரியாதை வந்தது. இப்படி ஒளிவுமறைவில்லாமல் பேசுகிற மனுஷன் நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவார் என்று நம்பினேன். அவரும் அதையேதான் நம்பிக்கொண்டிருந்தார். அதற்கு அவரிடம் சாட்சியும் இருந்தது.

அந்தச் சாட்சி தவக்காலம். அவர் கத்தோலிக்கர். ஒவ்வொரு வருடமும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் வாங்கிய கையோடு குடியை நிறுத்துவார். ஈஸ்டர் வரை ஒரு சொட்டு தொடமாட்டார். ஈஸ்டர் ஞாயிறு மதியம் பிரியாணியோடு மறுபடி ஆரம்பிக்கும். அந்த மேஜையில் எனக்கும் ஒரு கிளாஸ் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. நாற்பது நாள் நிறுத்தத் தெரிந்தவனைக் குடிக்கு அடிமை என்று எவன் சொல்வான் என்று கேட்பார். எங்களுக்கும் அது சரியாகத்தான் படும். எங்கள் பக்கத்து ஆட்கள் மாலை போட்டு மலைக்குப் போய்வரும் வரை நிறுத்துவதும் அதே கணக்குதானே.

ஆனால் வருடம் ஏற ஏற அந்த முதல் வாரம் மோசமாகிக்கொண்டே வந்தது. கை நடுங்கும். சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொள்ளும். ரயில் பாலத்தில் ஏறும் சத்தத்துக்கே திடுக்கிடுவார். "இன்னாணா, உடம்பு சரியில்லியா?" என்றால், "தவம்னா சும்மாவா? பாடுபடணும்" என்று சிரிப்பார். உடம்பு சாராயத்துக்காகத் துடிப்பதை அவர் ஆண்டவருக்குக் கொடுக்கும் காணிக்கை என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஊரும் அப்படித்தான் எண்ணியது. கோயிலில் அவருக்கு அந்த நாற்பது நாளும் நல்ல பெயர்.

ஒரு வருடம் அந்த முதல் வெள்ளிக்கிழமை, டேக்கலுக்கும் மாலூருக்கும் நடுவில், பேசிக்கொண்டிருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலையே வெறித்துப் பார்த்தார். அடுத்த நிமிடம் சரிந்து விழுந்து கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் நுரை. ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். "ஒருசந்தி விரதம் இருந்த மயக்கம்பா" என்றார் இன்னொருவர். நல்லவேளையாக நர்ஸ் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பெட்டியில் இருந்தாள். எல்லாரையும் விலக்கிவிட்டு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். மாலூரில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயதுக்காரர். கண் விழித்ததும் அவரிடம் முதலில் கேட்டது, "எவ்வளவு வருஷமா தினமும் குடிக்கிறீங்க?"

"இருவது வருசம்."

"எப்ப நிறுத்தினீங்க?"

"பொதங்கெழம." குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?" என்று டாக்டர் கத்தினார்.

குடியை நிறுத்தியதற்காக ஒருவர் திட்டு வாங்கியதை அன்றுதான் பார்த்தேன். இத்தனை வருடம் குடித்துப் பழகிய உடம்பில் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரும், உயிரே போகலாம், ஆஸ்பத்திரியில் சேர்ந்து மருந்தோடுதான் நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகும் சிகிச்சை இருக்கிறது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்து சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "குடிச்சது நானு. டாக்டர் வந்து ஊத்தினாரா? நான் இழுத்துவுட்டதை நானே பாத்துக்கறேன்" என்றார். அந்த நேரத்தில் அது எனக்கு வீரமாகத்தான் பட்டது. இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

வலிப்புக்குப் பயந்து அவர் மறுபடி குடிக்க ஆரம்பித்தார். தவக்காலத்தில் அவர் குடித்த முதல் வருடம் அது. வெட்கத்தில் கோயில் பக்கமே போகவில்லை. காலையில் கை நடுங்காமல் இருக்க ரயிலுக்கு முன்னால் கொஞ்சம், அப்புறம் அதற்கு மேல் கொஞ்சம். பக்கத்தில் உட்கார்ந்தால் சோம்பு வாசனையும் அதற்கு அடியில் இன்னொரு வாசனையும் வரும். அவர் வேலைக்கு வரமுடியாத நாளில் நான் சூப்பர்வைசரிடம் அவருக்கு ஜுரம் என்பேன். அவர் என்னிடம் அப்படிச் சொல்லச் சொன்னதில்லை. நானாகத்தான் சொன்னேன்.

பிறகு ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் அது நடந்தது. நான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நின்று கம்பிவடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்கு மேலே மெஷின் ரூமில் பிரேக் லீவர் அருகில். எங்கள் தொழிலில் இதற்கு ஒரு முறை உண்டு. கீழே இருப்பவன் குரல் கொடுக்க வேண்டும், மேலே இருப்பவன் அதே வார்த்தையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கீழே இருப்பவன் "சரி" என்ற பிறகுதான் பிரேக்கைத் தொடலாம். ஆளில்லாத பெட்டியைவிட மறுபக்கத்து எடைக்கல் கனம். பிரேக்கை விட்டால் பெட்டி மேலேதான் ஏறும்.

நான் குரலே கொடுக்கவில்லை. பெட்டி ஏறியது. தலைக்கு மேல் கான்கிரீட் வருவதைப் பார்த்து அப்படியே படுத்துவிட்டேன். உத்தரம் ஹெல்மெட்டை உரசி, தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு நின்றது. இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தால் இதை எழுத நான் இல்லை.

சூப்பர்வைசர் வருவதற்குள் கட்டிடத்துக்காரர்கள் வாட்ச்மேனைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் மெஷின் ரூமுக்கு டீ கொண்டுபோனவர். எதையோ தொட்டிருக்கிறார் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அந்த வயசான மனுஷன் கைகூப்பி நின்றார்.

"அவரை வுடுங்க. நான்தான்" என்று இவர் படியிறங்கி வந்தார். "குரல் வராம பிரேக்கைத் தொட்டது நானு. காலைல குடிச்சுட்டு வந்தேன். கை நிக்கல." தன் கையாலேயே ரிப்போர்ட்டும் எழுதிக் கொடுத்தார். எழுத்து கோணல்மாணலாக இருந்தது, ஒரு வரிகூட பொய் இல்லை.

அன்று முதல்முறையாக அவருடைய "நான்தான்" எனக்குப் பிடிக்கவில்லை. திரும்பும் ரயிலில் கேட்டே விட்டேன். "ஒத்துகினா ஆச்சாணா? எம் பொண்ணு ரெண்டாங்கிளாஸ் படிக்குது." அவர் நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் காட்டினார். நான் அவர் பிடித்துவைத்த இடத்தில் உட்காரவில்லை. மாலூர் வரை நின்றுகொண்டே வந்தேன், அதற்குப் பிறகும்.

கம்பெனி அவரை நீக்கவில்லை. சூப்பர்வைசர் நல்ல மாதிரி. குடோனில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் போட்டார். ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை எடுத்ததாகக் கடிதம் கொண்டுவந்தால்தான் லிஃப்ட், இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று தெளிவாகச் சொன்னார்.

அந்த வாரமே, மாலூர் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்த பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போனார், தனியாக. ஒரு பையில் லுங்கியும் துண்டும் சோப்பும். சாயங்கால ரயிலில் அதே பையோடு திரும்பி வந்தார். வார்டில் சேர வேண்டுமானால் கூடவே தங்க ஒரு ஆள் வேண்டுமாம். வீட்டு ஆளோ, தெரிந்த ஆளோ, யாராவது ஒருவர்.

"அண்ணியைக் கூப்பிடுங்க" என்றேன்.

"குடிச்சது நானு. அவ எதுக்கு மூணு வாரம் ஆஸ்பத்திரி தரைல படுக்கணும்?"

"நான் வர்றேன்."

"உன்னை இன்னா மூஞ்சியை வெச்சுகினு கூப்புடறது? போப்பா."

ஒன்றும் நடக்காமல் ஒரு மாதம் ஓடியது. குடோனில் நட்டு, போல்ட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடி நிற்கவில்லை. கண் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது. தன் மேல் இவ்வளவு கண்டிப்பான மனிதர் இப்படி ஒரு சின்ன விஷயத்தில் முட்டிக்கொண்டு சாகப்போகிறாரே என்று பயமும் ஆத்திரமுமாக வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். சுரங்கக் காலத்து லைன் வீடு, இரண்டு அறை. அவர் வாசல் அறையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அது அவர் வேலை. நடுங்குகிற கையில் தோல் உரிபடாமல் பாதிப் பூண்டு நசுங்கியிருந்தது. அண்ணி அரிசி களைந்துகொண்டிருந்தார். கார்மெண்ட்ஸ் ஃபாக்டரியில் டெய்லர், அதிகம் பேசமாட்டார்.

நான் அண்ணியிடம், "நீங்களாவது அவர்கூட ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாதா அண்ணி?" என்றேன்.

"கூப்புட்டா போறேன்" என்றார், அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இருவது வருசமா கூப்புடாமதான் எல்லாம் செஞ்சேன். வாந்தியை அள்ளினேன். ஃபாக்டரில பொய் சொல்லி லீவு போட்டேன். இதுக்கு மட்டும் அவரே கூப்புடட்டும்."

அவர் பூண்டைக் கீழே வைத்தார். "எல்லாம் என் தப்புதான்."

"தெரியும்" என்று அண்ணி எழுந்து வந்துவிட்டார். கையிலிருந்து களைந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நான்தான், நான்தான்னு ஊர் பூரா சொல்றீங்க. அதைச் சொல்ல வாய் கீது. கூட வான்னு ஒரு வார்த்த கேக்க வாய் இல்லியா? தப்பை ஒத்துகினா உங்களுக்குப் பாரம் எறங்கிடுது. எங்களுக்கு இன்னா எறங்குது? மறுநாளும் அதே குடிதானே?"

அந்த வீட்டில் அண்ணி இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவர் மறுபடி ஒரு பூண்டை எடுத்தார், அது விரலில் நசுங்கியது. எழுந்து போய்விடலாமா என்று நான் யோசித்தபோது அவர் வாயைத் திறந்தார்.

"செவ்வாக்கெழம போறேன். கூட ஒரு ஆள் வேணும்."

"யாரைக் கேக்கறீங்க? செவுத்தையா?"

அவர் தலை நிமிர்ந்தார். அழுதுகொண்டிருந்தார். "உன்னைத்தான். எனக்கு ஒண்டியா முடியல. வர்றியா?"

"வர்றேன்" என்றார் அண்ணி. "லீவு எழுதிக் குடுத்து நாலு நாள் ஆவுது." திரும்பிப் போய் அரிசியை உலையில் போட்டார். நான் மிச்சப் பூண்டை உரித்துக் கொடுத்தேன்.

மூன்று வாரம் வார்டில் இருந்தார். முதல் ஐந்தாறு நாள் மருந்து கொடுத்து நடுக்கத்தை அடக்கினார்கள், வலிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு தினமும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். நான் பார்க்கப்போன நாளில் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். ஒருவர் மாமியாரைச் சொன்னார், ஒருவர் மேனேஜரைச் சொன்னார். இவர் முறை வந்தபோது, "குடிச்சதுக்கு யாரும் காரணம் இல்ல, நானு. நிறுத்தறதும் நானேன்னு நெனச்சேன். அது என்னால ஆவல. அத்தொட்டு இங்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எனக்கு உள்ளே போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

வெளியே வந்த பிறகு யாருக்கும் அவர் வாக்குக் கொடுக்கவில்லை. பங்குச் சாமியார் பலிபீடத்துக்கு முன்னால் வாக்கு எடுக்கச் சொன்னபோது, "வேணாம் ஃபாதர். சீட்டுல எழுதின தேதிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். அது போதும்" என்றாராம். அதன் மேல் குடித்தால் உடம்பைப் புரட்டிப் போட்டுவிடும் மாத்திரை ஒன்றைத் தினமும் காலையில் அண்ணி கையால் வாங்கி முழுங்கிவிட்டு நாக்கை நீட்டிக் காட்டுவார். டாக்டர் அப்படித்தான் சொல்லியிருந்தார். நாலு மாதம் கழித்து கம்பெனி அவரை லிஃப்ட்டுக்கு அனுப்பியது. தினமும் சூப்பர்வைசர் முன்னால் ஊதிக் காட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன் என்று அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். முதல் நாள் அவருக்குக் கீழே பெட்டிமேல் ஏறும் முன் ஹெல்மெட் வாரை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டேன். நான் "ஒன்னு" என்றால் அவர் "ஒன்னு" என்று கட்டிடமே கேட்கும்படி திருப்பிச் சொன்னார்.

இதோடு முடிந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. எங்கள் ஊரிலேயே பாலகாடு பகுதியில் அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் காலை நான் ரயில் ஏறியபோது அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நேத்து குடிச்சேன்" என்றார். எதிர் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை. "யாரும் ஊத்தல. பதினஞ்சு நாளா மாத்திரையைக் கன்னத்துல அடக்கி வெச்சுத் துப்பிட்டேன். அப்பவே குடிக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்னு அர்த்தம். விடியறப்போ அவகிட்ட சொன்னேன். அழுதா. ஃபாக்டரிக்குப் போன் போட்டு லீவு கேட்டுப் பாத்தா, கெடைக்கல."

இவ்வளவும் வீணா என்றுதான் என் மனது கேட்டது.

"இன்னிக்கு லிஃப்ட் மேல ஏறமாட்டேன். நேரா ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றவர், டிக்கெட் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார். "கூட ஒரு ஆள் வேணும். நீ வர்றியா?"

"வர்றேன்ணா" என்றேன். போனை எடுத்தேன். "சூப்பர்வைசர் கேட்டா இன்னா சொல்றது?"

"நடந்ததைச் சொல்லு."

சொன்னேன். சூப்பர்வைசர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, இரண்டு பேருக்கும் ஒரு நாள் லீவு போட்டுக்கொள்வதாகவும், டாக்டர் என்ன சொன்னார் என்று சாயங்காலம் அவரையே பேசச் சொல்லும்படியும் சொல்லிவிட்டு வைத்தார்.

ஆஸ்பத்திரியில் பதிவு செய்யும் ஜன்னலில் வரிசை நீளம். எங்கள் முறை வந்ததும் உள்ளே இருந்த கிளார்க் அவர் பெயரை எழுதிக்கொண்டு, என்னைக் காட்டி, கூட வந்திருக்கும் இவர் உங்களுக்கு என்ன ஆக வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அவர் தன் உடைந்த கன்னடத்தில் முந்திக்கொண்டார்.

"போன வருஷம் குடிச்சுட்டு இவரைக் கொல்லப் பார்த்தேன் சார். இன்னைக்கு வாங்கன்னு கூப்பிட்டேன், வந்துட்டார். அதுக்கு என்ன பேரோ, அதை எழுதிக்கோங்க."

கிளார்க் எங்கள் இருவரையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து, 'ஸ்நேகிதரு' என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போட என்னிடம் பேனாவை நீட்டினார்.